மெல்லிய முடி மதியத்துக்குள் படுத்துவிடுகிறதா? முதலில் வெட்டைப் பாருங்கள்

கேட்ட கேள்வி இதுதான். வயது 28. வழுக்கை இல்லை, முடியின் எண்ணிக்கைக்கும் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு இழையும் பட்டு நூல் மாதிரி மெல்லிசு. காலையில் சீவும்போது ஓரளவு நிற்கிறது, மதியத்துக்குள் மண்டையோடு ஒட்டிக்கொள்கிறது. வளர்த்துப் பார்த்தாயிற்று, ஜெல் போட்டுப் பார்த்தாயிற்று. சலூனில் என்ன சொல்லி வெட்டச் சொல்வது, வீட்டில் என்ன செய்வது?

நான் பல வருடங்களாக ஆண்களுக்கு முடி வெட்டுகிறவன். இந்தக் குறையோடு நாற்காலியில் உட்காருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன கிரீம் போடலாம்?" என்பதுதான். வெட்டைப் பற்றிக் கடைசியில்தான் பேச்சு வரும். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். வெட்டு முதலில், காய வைப்பது அடுத்து, டப்பாவில் இருப்பது எல்லாம் அதற்கு அப்புறம். வெட்டு தப்பாக இருந்தால் எதைப் பூசினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். முடி மெல்லிசாக இருப்பது வேறு, கம்மியாக இருப்பது வேறு. சராசரியாக ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் இழைகள் இருக்கும். ஒரு இழையின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை. இதில் கீழ்ப்பக்கம் இருப்பவர்கள்தான் மெல்லிய முடிக்காரர்கள். சீப்பில் வந்த ஒரு இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். ஏதோ இருப்பது விரலுக்குத் தெரிந்தால் நடுத்தரம் அல்லது தடிமன். கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை என்றால் மெல்லிசு.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். பிடரிப் பக்கத்திலிருந்து ஒரு இழை, உச்சியிலிருந்து ஒரு இழை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி மெல்லிசாக இருந்தால் அது பெரும்பாலும் உங்கள் பிறவிச் சொத்து, கீழே சொல்வது அனைத்தும் உங்களுக்கானது. பின்பக்க முடி தடிமனாகவும் உச்சி முடி மட்டும் மெல்லிசாகவும் இருந்தால், அதுவும் சில வருடங்களுக்கு முன் அப்படி இல்லை என்றால், வேர்க்கால் சுருங்க ஆரம்பித்திருக்கலாம். அது கத்தரிக்காரன் தீர்க்கிற விஷயமில்லை. ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். இதற்கான மருந்துகள் இருக்கிற முடியைக் காப்பாற்றுவதில்தான் கெட்டி, போனதைத் திரும்பக் கொண்டுவருவதில் அவ்வளவு இல்லை.

சரி, மெல்லிய முடி ஏன் படுத்துவிடுகிறது? இதற்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உருண்டையான ஒரு கம்பியின் தடிமனைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். தடித்த முடிக்கும் மெல்லிய முடிக்கும் தடிமனில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தால், நிற்கிற திறனில் பதினாறு மடங்கு வித்தியாசம். நீளமும் அதே மாதிரிதான் பழி வாங்குகிறது. ஒரு முனையைப் பிடித்து நீட்டிய கம்பி தன் எடையாலேயே எவ்வளவு தொங்கும் என்று பார்த்தால், நீளம் இரண்டு மடங்கானால் தொங்கல் ஏறத்தாழ பதினாறு மடங்கு. தலைமுடி ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, வளைந்து நெளிந்து கிடப்பதால் இந்தக் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தாது. போக்கு இதுதான். "வளர்த்தால் நிறைய இருக்கிற மாதிரி தெரியும்" என்று வளர்த்தவர்கள் எல்லாம் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு வேர்க்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து வருவது நேரான, வழவழப்பான இழையில் சுலபமாக வழிந்து இறங்கும். சுருட்டை முடியில் அவ்வளவு வேகமாக இறங்காது. மதியம் முடி ஒட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி காற்றில் இருக்கிற ஈரம். அதைக் காய வைப்பது பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இப்போது வெட்டு.

மெல்லிய முடிக்கு முதல் எதிரி பல் கத்தரி. ஒரு பக்கம் சீப்பு மாதிரி பல் இருக்குமே, தின்னிங் கத்தரி, அது. அடர்ந்த முடியில் பாரத்தைக் குறைக்கச் செய்யப்பட்ட கருவி. உங்கள் தலையில் குறைக்கப் பாரமே இல்லை. ஆனாலும் கடைசி இரண்டு நிமிடம் அதை எடுத்து உச்சி முழுக்க கசக் கசக்கென்று ஓட்டுவது பல பேருக்குக் கைப்பழக்கம். அன்றைக்குத் தலை புஸ்ஸென்று இருக்கும், ஏனென்றால் வெட்டுப்பட்ட குட்டை இழைகள் நீள இழைகளைத் தூக்கிப் பிடிக்கும். பத்து நாள் கழித்து அந்தக் குட்டைகளும் சாய்ந்துவிடும். மேலே இருப்பது நுனி நுனியாக, எலிவால் மாதிரி, நடுவே மண்டை தெரிய நிற்கும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். துணியில் விழுகிற முடி பட்டையாக, ஒரே அளவில் கொத்தாக விழுந்தால் நேர்க்கத்தரி வேலை. தூசி மாதிரி, வேறு வேறு நீளத்தில் உதிர்ந்தால் பல் கத்தரி ஓடுகிறது என்று அர்த்தம். கண்ணாடியைப் பார்க்காமலேயே மடியைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சவரக்கத்தியால் முடி வெட்டுவதும் அதே ரகம். தொழிலுக்கு வந்த புதிதில் அது எனக்கு ஒரு கெத்தாகத் தெரிந்தது. மெல்லிய முடிக்காரர் ஒருவருக்கு உச்சி முழுக்கக் கத்தியிலேயே சீவி எடுத்தேன். அன்று அவர் சந்தோஷமாகத்தான் போனார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தபோது நுனியெல்லாம் பஞ்சு பிரிந்த மாதிரி இருந்தது. கத்தி சாய்வாகச் சீவுவதால் ஏற்கெனவே மெல்லிய இழையின் நுனி இன்னும் கூராகிறது, பிளக்கிறது. அவர் திட்டவில்லை. "போன தடவை செய்த மாதிரி வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மெல்லிய முடியில் கத்தியை வைப்பதில்லை.

அப்படியானால் நுனி எப்படி இருக்க வேண்டும்? மழுங்கலாக, கனமாக. நேர்க்கத்தரியால் நேர்கோட்டில் வெட்டிய நுனிகள் எல்லாம் ஒரே இடத்தில் முடிவதால் அங்கே ஒரு விளிம்பு உருவாகிறது. கண் அந்த விளிம்பைத்தான் அடர்த்தி என்று படிக்கிறது. ஆனால் தலை முழுக்கக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஆகிவிடக்கூடாது. அதற்குக் கத்தரியின் முனையை நுனிக்குள் செங்குத்தாக விட்டு, கடைசி அரை சென்டிமீட்டரில் மட்டும் அங்கங்கே கொத்தி விடுவோம். அரை சென்டிமீட்டர்தான். ஆழமாகக் கொத்தினால் பல் கத்தரி செய்த வேலையை நேர்க்கத்தரியால் செய்த கதைதான்.

நீளம் என்று பார்த்தால், முன்பக்கம் 5 முதல் 7 சென்டிமீட்டர், உச்சிக்குப் பின்னால் போகப் போக 3, 4 சென்டிமீட்டர் என்று இறங்குவது பெரும்பாலான மெல்லிய தலைகளுக்குச் சரியாக வருகிறது. 8, 9 சென்டிமீட்டரைத் தாண்டும்போது முடி தன் பாரத்தில் தானே படுக்க ஆரம்பிக்கும். 2 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மறைக்க நீளம் இல்லாமல் மண்டை தெரியும். சுழி இருக்கிற இடத்தில் மட்டும் கை கூசாமல் குறைத்துவிடாதீர்கள். சுழியில் முடி ஏற்கெனவே வட்டமாகப் பிரிந்து மண்டையைக் காட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே படுக்க விட வேண்டும்.

பக்கவாட்டு முடியில்தான் பாதி மாயம் இருக்கிறது. மேலே இருக்கிற முடி எவ்வளவு உயரம் என்பதைக் கண் அளந்து பார்ப்பதில்லை, பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. காதுக்கு மேல் முடி வெளியே உப்பிக்கொண்டிருந்தால், உச்சியில் இருப்பது நல்ல முடியாக இருந்தாலும் தட்டையாகத் தெரியும். பக்கத்தை ஒட்ட வெட்டினால் உச்சியில் ஒரு இழை கூடாமலேயே கூடின மாதிரி இருக்கும். மெஷினில் மாட்டுகிற சீப்பின் நம்பர், அதாவது அது எவ்வளவு நீளம் விட்டு வெட்டும் என்பது, தெரிந்திருப்பது நல்லது. 1 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் கிட்டத்தட்ட 10, 4 என்றால் 13. மெல்லிய முடிக்கு நான் கீழே 2, மேலே ஏற ஏற 3, அப்புறம் சீப்பும் கத்தரியும் என்று போவேன். கிருதாவிலும் பிடரி ஓரத்திலும் மட்டும் இன்னும் குறைத்து மறைய விடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காதுக்கு மேல் வெகு உயரம் வரை தோல் தெரிய வழிக்கிற ஃபேட் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அடர்ந்த முடியில் அது அழகு. மெல்லிய முடியில் எனக்கு அது பிடிப்பதில்லை. பக்கச்சுவர் முடிந்து தலை மேல்பக்கமாகத் திரும்புகிற ஒரு மூலை இருக்கிறது, நெற்றிப்பொட்டிலிருந்து பின்னால் ஓடுகிற விளிம்பு. உச்சி முடி சாய்ந்து விழாமல் முட்டுக் கொடுப்பது அந்த மூலையில் இருக்கிற முடிதான். ஃபேடை அதுவரை ஏற்றிவிட்டால் முட்டு போய்விடும், உச்சி முடி ஓரமாக வழிந்து விழும், தலை கூம்பு மாதிரித் தெரியும். மூலையைக் காப்பாற்றினால் தலைக்கு ஒரு சதுரம் கிடைக்கும். அந்தச் சதுரம்தான் நிறைய முடி இருக்கிற தோற்றத்தைத் தருகிறது.

வகிட்டைக் கோடு போட்ட மாதிரி எடுக்காதீர்கள், மெஷினால் கோடு இழுக்கவே விடாதீர்கள். மெல்லிய முடியில் வகிடு என்பது மண்டையைப் பார்க்கத் திறந்து வைத்த ஜன்னல். விரலால் கோதி, தோராயமாக ஒரு பக்கம் தள்ளினால் போதும். வருடக்கணக்காக ஒரே பக்கம் வகிடு எடுத்திருந்தால் முடி அந்தப் பக்கமே படுத்துப் பழகியிருக்கும். ஒரு வாரம் எதிர்ப்பக்கம் எடுத்துப் பாருங்கள். வேர் எதிர்த்து நிற்கும், அந்த எதிர்ப்பே இலவசமாகக் கிடைக்கிற உயரம். பின்னால் வழித்துச் சீவுகிற பாணி மெல்லிய முடிக்கு ஆகவே ஆகாது. முன்பக்கம் லேசாகத் தூக்கிப் பக்கமாகச் சாய்ப்பது நன்றாக வரும். நெற்றி ஓரங்கள் கொஞ்சம் ஏறியிருந்தால், முன்முடியைக் குட்டையாக முன்னால் இறக்கி விடுகிற கிராப் எல்லாவற்றையும்விட நல்லது.

அடுத்து குளியல். இதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிசுக்கு சீக்கிரம் வருகிற தலை என்றால் தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிதமான ஷாம்பு போடலாம், அதனால் முடி கொட்டிவிடாது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் சகஜம். கண்டிஷனரை நுனிக்கு மட்டும் கொஞ்சமாகத் தடவி அலசுங்கள், மண்டையில் தேய்க்க வேண்டாம். ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றாகக் கலந்து வருகிற பாட்டிலை ஓரமாக வைத்துவிடுங்கள். அது விட்டுப்போகிற வழவழப்புப் படலம்தான் உங்களுக்கு வேண்டாத பாரம். தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடுங்கள். குளித்துவிட்டு வைத்தால் இத்தனை நேரம் பேசியதெல்லாம் வீண்.

காய வைப்பது வெட்டுக்குச் சமமான விஷயம். ஆண்களில் பெரும்பாலோர் இதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. துண்டால் துவட்டி, ஈரத்தோடு ஒரு சீவு சீவி, வெளியே கிளம்பிவிடுவார்கள். முடி ஈரமாக இருக்கும்போது அதற்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்துவிடும். காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகும். படிய வாரி விட்டுக் காய வைத்தால் படிந்த நிலையே அன்றைய வடிவம். தூக்கிப் பிடித்துக் காய வைத்தால் தூக்கின வடிவம். காற்றில் ஈரம் கூடினால் அந்தப் பிணைப்புகள் மறுபடி தளரும். மதியம் வியர்வையிலும் புழுக்கத்திலும் முடி இறங்குவதற்கு மீதிப் பாதிக் காரணம் என்று சொன்னேனே, அது இதுதான்.

செய்முறை இப்படி. துண்டைத் தலையில் வைத்து ஒற்றி எடுங்கள், பரபரவென்று தேய்க்காதீர்கள். ஈர முடி எளிதாக இழுபட்டு அறுந்துவிடும், மெல்லிய முடி இன்னும் எளிதாக. ஹேர் டிரையரை நடுத்தரச் சூட்டில், தலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். முதலில் விரலாலேயே வேரைக் கோதிக் கோதி, முடியை அது படுக்க விரும்புகிற திசைக்கு நேர் எதிராகத் தள்ளிக் காய வையுங்கள். வலப்பக்கம் சாய்கிற முடியை இடப்பக்கம், முன்னால் விழுகிற முடியைப் பின்னால். அப்புறம் திசையை மாற்றி அதையே செய்யுங்கள். நுனியைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தானாகக் காயும். காற்று வேரில் அடிக்க வேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் முன்பக்கக் கொத்தை மட்டும் பிரஷ்ஷில் எடுத்து மேலே தூக்கி, அடியில் காற்றைக் காட்டுங்கள். தூக்கிய நிலையிலேயே குளிர் காற்றுப் பொத்தானை அழுத்தி பத்து எண்ணுங்கள். சூட்டில் இளகியது ஆறும்போது இறுகட்டும் என்பதற்காகத்தான் அது. பொத்தானை விட்டுவிட்டு, சூடாக இருக்கும்போதே பிரஷ்ஷை உருவினால் ஐந்து நிமிடத்தில் கொத்து சரிந்துவிடும். மொத்தம் நான்கு நிமிட வேலை. டிரையர் இல்லாவிட்டால் தலையைக் குனிந்து, முடி முன்னால் தொங்க, விரலால் கோதிக்கொண்டே காற்றில் காய விடுங்கள். பாதிப் பலன் கிடைக்கும்.

இப்போதுதான் டப்பாக்களுக்கு வருகிறேன். ஜெல் ஏன் வேண்டாம் என்றால், அது பத்து இழையைச் சேர்த்து ஒரு கயிறாக்கிவிடுகிறது. பத்து இழை பரவி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கயிறு நிற்கும், கயிறுக்கும் கயிறுக்கும் நடுவே மண்டை தெரியும். பளபளக்கிற பொமேடும் மெழுகும் அதே கதை. கூடவே எடை வேறு. உங்களுக்கு வேண்டியது இழைகளை ஒட்ட வைக்கிற பொருள் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் உரச வைக்கிற பொருள்.

ஈரத் தலையில், காய வைப்பதற்கு முன், மூஸ் நுரை ஒரு எலுமிச்சை அளவு எடுத்து வேரில் தடவலாம். கடல் உப்பு ஸ்பிரேயும் நன்றாக வேலை செய்யும். ஆனால் தினமும் அடித்தால் முடி வறண்டுபோகும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். காய்ந்த பிறகு என்றால் என் முதல் தேர்வு பவுடர். வால்யூம் பவுடர் என்று சின்ன டப்பாவில் வரும், சிலிக்கா சேர்ந்தது. உச்சியில் இரண்டு மூன்று தட்டு தட்டி, விரல் நுனியால் வேரைப் பிசைந்தால் முடி சொரசொரப்பாகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தொட்டால் சுண்ணாம்புத் தூளைத் தொட்ட மாதிரி இருக்கும், அது சிலருக்குப் பிடிக்காது. அளவு மீறினால் சீப்பே இறங்காது. தட்டும்போது மூச்சை இழுக்காதீர்கள். மதியம் முடி இறங்கினால் புதிதாகப் போட வேண்டாம், மறுபடி விரலால் பிசைந்தால் எழுந்துவிடும். மற்ற டப்பாக்களுக்கு இல்லாத வசதி இது.

கிளே, அதாவது களிமண் கலந்த கெட்டியான கிரீம், பிடிக்கும் என்றால் பளபளப்பில்லாததாகப் பார்த்து ஒரு பட்டாணி அளவு எடுங்கள். உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து, கையில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பரப்பிய பிறகு, பின்னந்தலையில் ஆரம்பித்து முன்னால் வாருங்கள். எல்லோரும் முதலில் முன்முடியில்தான் கையை வைக்கிறார்கள். கையில் இருக்கிற மொத்தப் பிசினும் மிக மெல்லிய இடத்தில் அப்பிக்கொள்ளும், அது அன்று முழுக்க எழாது.

அடிக்கடி காதில் விழுகிற ஒன்று, மொட்டை அடித்தால் முடி தடிமனாக வளரும் என்பது. இதை மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1928லேயே ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். வழித்த முடி மழுங்கிய நுனியோடு முளைப்பதால் தொட்டால் முரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான். முடிக்கென்று பலர் சாப்பிடுகிற பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரையும் அந்தச் சத்து குறைவாக இருப்பவர்களுக்குத்தான் உதவும்.

இனி சலூனில் போய் என்ன சொல்வது? "வால்யூம் வேண்டும்" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் பல பேருடைய கை நேராகப் பல் கத்தரிக்குத்தான் போகும். இப்படிச் சொல்லுங்கள்: "பக்கம் ரெண்டுல ஆரம்பிச்சு மூணுக்கு ஏத்துங்க, மூலையை எடுக்காதீங்க. மேல நேர்க்கத்தரி மட்டும், தின்னிங் வேண்டாம். முன்னாடி ஆறு சென்டிமீட்டர் விட்டுடுங்க, சுழிகிட்ட கை வைக்காதீங்க." உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். வெட்டு முடிந்து அவர் அந்தக் கத்தரியை எடுத்த பிறகு சொன்னால், பாதி ஓடியிருக்கும்.

உங்கள் தலையில் ஏற்கெனவே பல் கத்தரி ஓடியிருக்கிறது என்பதுதான் என் ஊகம். அப்படியென்றால் ஒரே வெட்டில் சரியாகாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கொத்துப்பட்ட நுனிகள் எல்லாம் ஒரே விளிம்புக்கு வந்து சேர மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை நான்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துகொண்டு, மேலே நுனியில் அரை சென்டிமீட்டர் நேராக எடுத்துக்கொண்டே வாருங்கள். இரண்டாவது மாதம் தலை கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும். அந்த மாதத்தைப் பவுடரை வைத்து ஓட்டிவிடலாம்.